கராத்தேயில் கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை, நன்றாகவே வருகிறது. அப்புறம் ஜோடிப் பயிற்சி எதற்கு?

ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியில் முதலில் கற்றுத்தரும் கட்டாக்களில் ஒன்றான ஹெய்யான் ஷோதானையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 21 அசைவுகள். வலப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு போட்டதும், முன்காலைச் சற்றுப் பின்னிழுத்து, கையை வெடுக்கென்று பிடுங்கி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் சுத்தியல் போல அடிக்கிறோம். தனியாகச் செய்யும்போது இது ஏதோ அலங்காரம் போலத்தான் தோன்றும். ஒருவரிடம் உங்கள் மணிக்கட்டை இறுகப் பிடிக்கச் சொல்லிவிட்டு அதையே செய்து பாருங்கள். கையை மட்டும் இழுத்தால் பிடி லேசில் விடாது; உடல் எடையும் சேர்ந்து பின்னால் போக வேண்டும். அந்தக் கால் ஏன் பின்வாங்குகிறது என்பது அப்போது புரியும்.

சரி, கோஹோன் குமிதே என்ற ஜோடிப் பயிற்சி? ஒருவர் ஐந்து முறை காலெடுத்து வைத்து முன்னேறி, ஒவ்வொரு முறையும் குத்துவார். மற்றவர் ஐந்து முறையும் பின்வாங்கித் தடுத்து, கடைசியில் திருப்பிக் குத்துவார். நிஜச் சண்டை இப்படி நடக்காது, உண்மைதான். ஆனால் எவ்வளவு தூரத்தில் நின்றால் குத்து எட்டும், எப்போது நகர வேண்டும் என்பதைக் காற்றோடு மல்லுக்கட்டிக் கற்க முடியாது.

ஒரு விஷயம். அடி பட்டுவிடுமோ என்ற நல்லெண்ணத்தில் ஒரு முழம் தள்ளியே குத்தும் ஜோடி அமைந்தால் பயிற்சி வீண். தடுக்காவிட்டால் எட்டும் தூரத்தில், கட்டுப்பாட்டோடு குத்தச் சொல்லுங்கள். புதியவர் என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், தூரத்தை மாற்ற வேண்டாம்.