கேம் பள்ளியின் ஆசிரியர் பட்டியலைக் கடைசியிலிருந்து படியுங்கள்

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். வீடியோ கேம் உருவாக்கம்தான் படிப்பேன் என்கிறாள். அவள் தேர்ந்தெடுத்திருக்கும் பள்ளியின் கையேட்டில் நிறுவனர், இயக்குநர், ஆலோசனைக் குழு, ஆசிரியர்கள் என்று பக்கம் பக்கமாகப் படங்கள். பாதிப் பேர் பெரிய கேம்களில் வேலை செய்தவர்கள் என்று போட்டிருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் ஒன்றும் தெரியாது. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பள்ளி எப்படி என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்.

முதல் பக்கத்தில் பெரிய படமாக இருப்பவர்களை உங்கள் மகள் படிப்புக் காலத்தில் அதிகம் பார்க்கப் போவதில்லை. சேர்க்கை நாளில் பேசுவார்கள், பட்டமளிப்பு நாளில் கைகுலுக்குவார்கள். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓடாத புரோகிராமை வரி வரியாகப் பார்க்கப் போகிறவர்கள் கடைசி வரிசையில் இருக்கும் லேப் ஆசிரியர்களும் புராஜெக்ட் வழிகாட்டிகளும்தான். கேம் படிப்பில் பாதி கற்றல் குழுவாக ஒரு கேமைச் செய்து முடிப்பதில் நடக்கிறது. அந்த மாதங்களில் கூட இருப்பது யார் என்பதை வைத்துத்தான் பள்ளியின் தரத்தைச் சொல்லலாம்.

அதற்காகத் தலைமையே முக்கியமில்லை என்று ஆகிவிடாது. பள்ளி எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தலைமைதான் முடிவு செய்கிறது. இப்போது அமெரிக்காவில் இருக்கும் டிஜிபென் என்ற கேம் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாட் கோமேர் 1988-ல் கனடாவின் வான்கூவரில் அதை ஒரு கணினி அனிமேஷன் நிறுவனமாகத் தொடங்கினார். கற்பித்தல் பிறகு வந்தது, அதுவும் நிண்டெண்டோ என்ற கேம் நிறுவனத்துடன் சேர்ந்து. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் அங்கே புரோகிராமிங் படிக்கப் போகிறவர்கள் கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாக அடிபட்டுத்தான் வெளியே வருகிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1990-களின் இறுதியில் தொடங்கிய பொழுதுபோக்குத் தொழில்நுட்ப மையத்துக்குத் தொடக்கத்தில் இரண்டு பேர் தலைமை தாங்கினார்கள். ராண்டி பாஷ் கணினி அறிவியல் பேராசிரியர், டான் மரினெல்லி நாடகப் பேராசிரியர். அங்கே புரோகிராமரும் ஓவியரும் எழுத்தாளரும் ஒரே குழுவில் புராஜெக்ட் செய்வதுதான் படிப்பின் மையம். இரண்டுமே பெயர் பெற்றவை, ஆனால் ஒரே மாணவிக்கு இரண்டும் பொருந்தாது. ஆகவே இயக்குநரின் பின்னணி என்ன, பாடத்திட்டத்தை யார் எழுதினார், அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். நிறுவனர் முழுக்க முழுக்க வியாபாரப் பின்னணி என்றால் அதுவே குறை அல்ல. கல்விப் பொறுப்பு என்று தனியாக ஒருவர் இருக்கிறாரா, அவருடைய பேச்சு எடுபடுகிறதா என்பதுதான் விஷயம்.

அடுத்து, 'பெரிய கேம்களில் வேலை செய்தவர்' என்ற வரி. இதைச் சரிபார்ப்பது சுலபம். மோபிகேம்ஸ் என்ற தரவுத்தளம் 1999-லிருந்து கேம்களின் கிரெடிட்ஸ் பட்டியல்களைச் சேகரித்து வருகிறது. ஆசிரியரின் பெயரைப் போட்டால் எந்த கேம், எந்தப் பொறுப்பு என்று வரும். பொறுப்பைக் கவனியுங்கள். ஒரு கேமின் கிரெடிட்ஸில் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பது இப்போது சாதாரணம். 'முதன்மை கேம்பிளே புரோகிராமர்' என்று வருவதும் 'சிறப்பு நன்றி' பகுதியில் வருவதும் ஒன்றாகாது. ஆனால் பெயர் வரவில்லை என்றவுடன் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேம் வெளியாவதற்கு முன்பே வேலையை விட்டவர்களின் பெயரைப் போடாமல் விடுவது இந்தத் துறையின் பழைய வியாதி. அவுட்சோர்ஸ் ஸ்டூடியோவில் இருந்தவர்களுக்கு நிறுவனப் பெயர் மட்டும் வந்து ஆள் பெயர் விட்டுப்போகும். பெரிய கேம் ஒன்றுக்காக மரப்பெட்டியும் பீப்பாயும் மட்டுமே மாடல் செய்த ஒருவர், முப்பரிமாண மாடலிங்குக்குப் பிரமாதமான ஆசிரியராக இருக்கலாம். நான் பார்த்தவரை, புகழ்பெற்ற டிசைனர்களைவிட இப்படிப்பட்டவர்கள்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சரி, சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவரா என்று எப்படிப் பார்ப்பது? அறிமுக நாளில் லேப் ஆசிரியரிடம் உங்கள் மகளை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: 'துப்பாக்கிக் குண்டு சில நேரம் சுவரில் மோதாமல் ஊடுருவிப் போகிறது, ஏன்?' இது கேம் செய்யும் எல்லாரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் பிரச்சினை. கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டி இன்ஜினில் அமைப்பை மாற்றாமல் விட்டால் இயற்பியல் கணக்கு 0.02 நொடிக்கு ஒருமுறை நடக்கும், அதாவது நொடிக்கு 50 முறை. குண்டின் வேகம் நொடிக்கு 100 மீட்டர் என்று வையுங்கள். ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே அது 2 மீட்டர் நகர்ந்துவிடும். சுவரின் தடிமன் 20 சென்டிமீட்டர். முதல் கணக்கில் குண்டு சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அடுத்த கணக்கில் அந்தப் பக்கம். இன்ஜினைப் பொறுத்தவரை மோதலே நடக்கவில்லை.

சுமாரான ஆசிரியர், 'செட்டிங்கில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதை மாற்று, சரியாகிவிடும்' என்பார். சரியாகவும் ஆகிவிடும். நல்ல ஆசிரியர் ஒரு தாளை எடுத்து இரண்டு புள்ளி வைப்பார், நடுவில் ஒரு கோடு. 'குண்டு இங்கே இருந்தது, இப்போது அங்கே இருக்கிறது. நடுவில் சுவர் இருந்ததா என்று யார் பார்த்தார்கள்?' என்று அவளையே கேட்பார். பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒரு கற்பனைக் கோட்டை, அதாவது கதிரை, அனுப்பிப் பார்க்கலாம் என்று அவள் வாயாலேயே வரவழைப்பார். இந்த ஐந்து நிமிடப் பேச்சில் தெரிவது கையேட்டின் எந்தப் பக்கத்திலும் தெரியாது.

கருவியை மட்டும் சொல்லிக்கொடுப்பவர்களைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபிளாஷ் என்ற மென்பொருள் ஒரு காலத்தில் பிரவுசர் கேம்களின் உயிர்நாடி. அடோபி அதற்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ல் நிறுத்தியது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது. கோபப்பட்ட டெவலப்பர்களில் பலர் கோடோ என்ற இலவச இன்ஜின் பக்கம் திரும்பினார்கள். ஒரு வருடம் கழித்து யூனிட்டி அந்தக் கட்டணத்தையே கைவிட்டது. பட்டனின் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்த மாணவர்கள் இப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பட்டியலில் இல்லாதவர்களையும் தேடுங்கள். புரோகிராமிங், ஆர்ட், டிசைன் மூன்றுக்கும் ஆள் இருப்பார்கள். கணிதம் யார் எடுக்கிறார்? வெக்டரும் மேட்ரிக்ஸும் இல்லாமல் முப்பரிமாண கேம் கிடையாது. 'அதெல்லாம் இன்ஜினே பார்த்துக்கொள்ளும்' என்று ஒரு பள்ளி சொன்னால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். ஒலிக்கு ஆள் உண்டா? தயாரிப்பு மேலாண்மை, அதாவது குழுவுக்குள் வேலையைப் பிரித்து, தேதி வைத்து, ஆகாத அம்சத்தை வெட்டி எறியக் கற்றுக்கொடுப்பவர் யார்? மாணவர் கேம்கள் பெரும்பாலும் திறமைக் குறைவால் கெடுவதில்லை. வேலையைச் சுருக்கத் தெரியாமல் பாதியில் நிற்கின்றன. அதைத் தடுக்கும் ஆள் ஒருவர் லேபில் இருந்தால் பெரிய விஷயம்.

சின்னதாகச் செய்து முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் டிஜிபென் மாணவர்களின் 'நார்பாகுலர் டிராப்'. 2005-ல் வெளியானது. சுவரில் இரண்டு வாசல் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியே வரலாம் என்ற ஒரே யோசனைதான். அதைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2007-ல் அதே யோசனையை வைத்து 'போர்ட்டல்' கேம் வந்தது. அந்த அளவு எல்லாருக்கும் அமையாது. ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்பது ஓடுகிற கேமைத்தான். மாணவர் செய்யும் கேமின் உரிமை மாணவருக்கா, பள்ளிக்கா என்பதையும் இந்த இடத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் பள்ளி இது மாறும்.

ஆலோசனைக் குழுவைப் பற்றி ஒரு வரி போதும்: வருடத்துக்கு எத்தனை முறை கூடுகிறார்கள், கடைசியாக அவர்கள் சொல்லிப் பாடத்திட்டத்தில் மாறியது என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் படங்களை மறந்துவிடலாம்.

முழுநேர ஆசிரியர்களா, மணிக்கணக்குக்கு வருபவர்களா என்பதில் மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். பகலில் ஸ்டூடியோவில் வேலை செய்து மாலையில் வகுப்பெடுக்கும் பகுதிநேர ஆசிரியரிடம் இன்றைய நடைமுறை இருக்கும். ஆனால் அவருடைய ஸ்டூடியோவில் ரிலீஸ் தேதி நெருங்கினால் முதலில் விடுபடுவது வகுப்புதான். 2023, 2024-ல் ஸ்டூடியோக்களில் நடந்த பெரிய ஆட்குறைப்புக்குப் பிறகு அனுபவசாலிகள் பலர் கற்பிக்க வந்தார்கள். மாணவர்களுக்கு அது நல்லதுதான். அவர்களில் ஒருவருக்குத் திரும்ப வேலை கிடைத்துப் பருவத்தின் நடுவில் கிளம்பினால், அந்தப் புராஜெக்டை யார் எடுத்துக்கொள்வார்? ஒவ்வொரு பாடத்துக்கும் முழுநேர ஆள் ஒருவராவது இருந்தால் இந்தக் கேள்விக்குப் பள்ளி தயங்காமல் பதில் சொல்லும். போன வருடக் கையேடு கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு முகம் மாறுவது இயல்பு. முக்கால்வாசி மாறியிருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை.

அப்புறம், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேருடன் உங்கள் மகள் தனியாகப் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அட்மிஷன் அலுவலர் கூட நிற்கக் கூடாது. 'ராத்திரி பில்டு உடைந்தால், அதாவது கேம் ஓடாமல் நின்றுபோனால், யாரைக் கூப்பிடுவீர்கள்?' என்று அவள் கேட்கட்டும். இரண்டு பேரும் ஒரே ஆசிரியரின் பெயரைச் சொன்னால் பட்டியலில் அவரைத் தேடுங்கள், அவர் அடுத்த வருடமும் இருப்பாரா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.