ஜின் கிளையில் தெரியும் கருவித் தடம்: பதில்

வணக்கம். உங்கள் ஷிம்பாகு ஜூனிப்பர் போன்சாயில் (தொட்டியில் வளர்க்கும் குறுமரம்) ஜின் கிளை, அதாவது இயற்கையாகப் பட்டுப்போனதுபோல் தோன்றப் பட்டை நீக்கிய கிளை, சுழல் கருவியால் செதுக்கியபின் சீவிய பென்சிலைப் போல வழவழப்பாகிவிட்டது என்றும், அதை வெளுக்கவைத்துக் காக்க நேற்றுப் பூசிய லைம் சல்பர் (சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசல்) மஞ்சளாகவே இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மஞ்சள் நிறம் வெயில் பட்டால் சில நாட்களில் வெளுத்துவிடும். கவனிக்க வேண்டியது வடிவத்தைத்தான்.

கிளையின் நுனியைக் குறடால் நசுக்கிப் பிளந்து, மெல்லிய கீற்று ஒன்றைப் பற்றி அடிப்பக்கமாக நிதானமாக இழுத்தால், நார் தன் போக்கில் கிழிந்து வந்து, எந்தக் கருவியாலும் எளிதில் செதுக்க முடியாத வரிப்பள்ளங்களை விட்டுச்செல்லும். கிழிசல் உயிருள்ள பட்டையை எட்டுமுன் கீற்றை வெட்டிவிடுங்கள், ஏனெனில் இலைகளுக்கு நீர் செல்வது அந்தப் பட்டைக்கு அடியிலுள்ள மரப்பகுதி வழியாகத்தான். எழும்பி நிற்கும் பிசிறுகளைக் கம்பி பிரஷால் நாரின் திசையிலேயே தேய்த்து நீக்குங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மீண்டும் அதே வழவழப்புதான் வரும்.

அடுத்த பூச்சுக்கு முன் கட்டையை நீரால் ஈரமாக்கி, தொட்டி மண்ணை மூடிவிட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து வெளியில் வைத்தே பூசுங்கள் (நாற்றம் தாங்காமல் வீட்டார் சண்டைக்கு வருவார்கள்). சுண்ணாம்பு அடித்தாற்போன்ற வெண்மை பிடிக்காவிட்டால், கரைசலில் கறுப்பு மை சில துளிகள் கலந்துகொள்ளலாம்.