வலி நிவாரண பம்ப் பழுதானால் யார் பொறுப்பு?

கேள்வி: இரண்டு முறை முதுகு அறுவை சிகிச்சை செய்தும் என் அம்மாவுக்கு வலி தீரவில்லை. 2023-இல் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவத்தில் மார்ஃபின் செலுத்தும் பம்ப்பை வயிற்றுத் தோலுக்கடியில் பொருத்தினார்கள். செலவு 9 லட்சம். போன மாதம் அது நின்றுவிட்டது, அம்மா துடித்துப்போனார். மருத்துவமனை, இறக்குமதி நிறுவனத்தைக் கைகாட்டுகிறது. நிறுவனமோ, மருந்து நிரப்பியதில்தான் தவறு என்கிறது. அடுத்த வாரம் பம்ப்பை எடுக்கிறார்கள். எடுத்ததை நிறுவனப் பிரதிநிதியிடம் ஒப்படைக்கச் சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: அறுவை சிகிச்சைக்குச் சம்மதியுங்கள், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஒப்படைப்பு வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த பம்ப்தான் உங்கள் வழக்கின் முதல் சாட்சி. நிறுவனம் தன் ஆய்வகத்தில் அதைப் பிரித்துவிட்டால், பிறகு அவர்கள் எழுதும் அறிக்கைதான் மிஞ்சும். பணம் கட்டி வாங்கிய பொருள் அது, உங்கள் அம்மாவுடையது. பம்ப்பையும் குழாயையும் படமெடுத்து, வரிசை எண்ணைக் குறித்து, முத்திரையிட்டுத் தரும்படி மருத்துவமனைக்கு இன்றே எழுதுங்கள். தொற்று அபாயம் என்று மறுத்தால், அங்கேயே பத்திரப்படுத்தக் கோருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38(8) பிரிவில் இதற்கு நுகர்வோர் ஆணையத்தில் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். பழுதைக் கண்டறிய 38(2)(சி) பிரிவின்படி ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பும்.

பம்ப்பை எடுக்கும் முன்பே அதன் நினைவகப் பதிவை அச்சிட்டு வாங்குங்கள். மோட்டார் எப்போது நின்றது என்பது அதில் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தாரா என்று நிறுவனம் நிச்சயம் கேட்கும். ஸ்கேனரின் காந்தம் மோட்டாரைத் தற்காலிகமாக நிறுத்தக்கூடியது. அதைவிட முக்கியம் மருந்து நிரப்பிய பதிவேடு. இந்தக் கருவிக்கு அங்கீகரிக்கப்படாத மருந்தையோ கலவையையோ ஊற்றினால் உள்பாகங்கள் அரித்து மோட்டார் நிரந்தரமாக நின்றுவிட வாய்ப்புண்டு. என்ன மருந்து, என்ன அடர்த்தி, யார் நிரப்பினார்கள் என்பதைப் பார்த்தால் பழி யார் பக்கம் சாய்கிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். நீங்கள் எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தருவது மருத்துவரின் கடமை.

வழக்கில் மருத்துவமனை, நிறுவனம் இரண்டையும் சேருங்கள். உற்பத்திக் குறைபாடோ வடிவமைப்புக் குறைபாடோ இருந்தால், அதே சட்டத்தின் 84-ஆம் பிரிவு தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்து இந்திய உத்தரவு அவரை எட்டாவிட்டால், 86-ஆம் பிரிவின்படி இறக்குமதி செய்து விற்றவர் பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனையை விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்தக் காரணம் 87-ஆம் பிரிவு. நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய கருவியானால், எச்சரிக்கைகளை நிபுணரிடம் முறையாகச் சொல்லிவிட்டோம் என்று தயாரிப்பாளர் தப்பிக்கலாம். அப்போது, அவற்றை அம்மாவிடம் சொன்னீர்களா என்று மருத்துவரைக் கேட்க வேண்டியிருக்கும். சிகிச்சையின் அபாயங்களையும் மாற்று வழிகளையும் விளக்கிப் பெறுவதே சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோயில் துவண்டு கிடப்பவரிடம் அச்சடித்த தாளை நீட்டி வாங்கும் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

அம்மா திருச்சியில் வசிப்பதால் அங்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே அவர் பெயரில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 9 லட்சம் என்பதால் கட்டணம் 200 ரூபாய். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மோட்டார் நின்ற நாளிலிருந்து கணக்கிடலாம் என்பது என் கருத்து. ஆனால் பொருத்திய நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் மேலும் தாமதிக்காமல், நினைவகப் பதிவு கைக்கு வந்ததும் புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள்.