புற்றுநோய் ஆராய்ச்சியை அளப்பதும் ஒரு வேலையா?

"மகள் புள்ளியியல் முடித்திருக்கிறாள். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றதும் மகிழ்ந்தோம். ஆனால் ஆய்வகத்துக்கு இல்லையாம். வளரும் பொருளாதார நாடுகளில் அந்த ஆராய்ச்சி எவ்வளவு நடக்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறாளாம். இதற்கெல்லாம் சம்பளம் தருவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தருவார்கள். ஆனால் இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வருவது அரிது. பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி அலுவலகம், புற்றுநோய் மையங்களின் ஆய்வுப் பிரிவு, நிதி வழங்கும் அமைப்புகள், ஆய்விதழ் பதிப்பகங்கள் போன்ற இடங்களில் 'ஆராய்ச்சி மதிப்பீடு', 'தரவுப் பகுப்பாய்வு' என்ற பெயர்களுக்குள் இது ஒளிந்திருக்கும். பதவிப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும்? 2022இல் உலகில் ஏறக்குறைய 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது, சுமார் 97 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் நடப்பது குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில்தான். அப்படியென்றால் அந்த நாடுகள் செய்யும் ஆராய்ச்சியில் இந்தப் புற்றுநோய்க்கு எவ்வளவு இடம்? நோய்ச்சுமை ஒரு பக்கமும் ஆராய்ச்சி இன்னொரு பக்கமும் போகிறதா? பணத்தைப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு இந்த விடை தேவை.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணத் தொடங்கினால்தான் சிக்கல் தெரியும். தலைப்பில் 'கேன்சர்' என்று தேடினால் லுகீமியா, லிம்போமா போன்ற இரத்தப் புற்றுநோய்க் கட்டுரைகள் பல நழுவிவிடும். அதே சமயம் நண்டு பற்றிய கட்டுரைகள் வந்து விழும், ஏனென்றால் ஒரு நண்டுப் பேரினத்தின் அறிவியல் பெயரும் கேன்சர்தான். ஜார்ஜியா நாட்டைத் தேடினால் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலமும் சேர்ந்துகொள்ளும். வேலையின் பெரும்பகுதி இப்படிக் களை எடுப்பதுதான். இதில் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்தது, யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி. பத்துப் பதினைந்து நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு மருந்துச் சோதனையில், வளரும் நாட்டு மருத்துவமனை நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். திட்டமும் தலைமையும் வேறெங்கோ இருந்திருக்கும். எல்லா நாட்டுக்கும் தலா ஒன்று என்று எண்ணுவதா, பின்னமாகப் பிரிப்பதா, கட்டுரைக்குப் பொறுப்பேற்கும் முதன்மை ஆசிரியரின் நாட்டுக்கு மட்டும் கொடுப்பதா? முறையை மாற்றினால் தரவரிசை மாறும். போர்ச்சுகீசியம், சீனம், ரஷ்யன் மொழிகளில் வெளியாகும் ஆய்விதழ்கள் பெரிய தரவுத்தளங்களில் குறைவாகவே இருக்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பிரேசில் 1990களின் கடைசியில் சையெலோ என்ற தளத்தைத் தொடங்கியது.

எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா நல்ல உதாரணம். பன்னாட்டு ஆய்விதழ்களில் கட்டுரை வந்தால் ரொக்கப் பரிசு தரும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. 2020இல் அரசே அதை நிறுத்தச் சொன்னது. உலக அளவில் 2023இல் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள், பிழை, மோசடி போன்ற காரணங்களால், ஆய்விதழ்களால் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைக் கழிக்காமல் போடும் கணக்குக்கு என்ன மதிப்பு?

மறுபக்கமும் உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனை அது. கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. கட்டுரைக் கணக்கில் இதன் முக்கிய முடிவும் 'ஒன்று', யாரும் திரும்பிப் பார்க்காத கட்டுரையும் 'ஒன்று'. இந்த வித்தியாசத்தை எண்ணில் எப்படிக் கொண்டுவருவது என்று உங்கள் மகள் யோசிப்பாள் என்றால், இது அவளுக்கு ஏற்ற துறை.

சரி, படிப்பு. புள்ளியியல் நல்ல அடித்தளம், அதை விடவேண்டாம். முதுகலையில் பொதுச் சுகாதாரமோ, மருத்துவத் தரவுகளைக் கையாளும் உயிர்ப்புள்ளியியலோ எடுக்கட்டும். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் அளக்கும் பிப்ளியோமெட்ரிக்ஸை மட்டும் நம்பிப் பட்டம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், கதவுகள் குறைந்துவிடும். மாறாக உயிர்ப்புள்ளியியல் கையில் இருந்தால், இந்த வேலை கிடைக்காவிட்டாலும் மருத்துவச் சோதனைகளிலும் புற்றுநோய்ப் பதிவேடுகளிலும் இடமுண்டு. ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல்மொழிகள் இரண்டில் ஒன்று சரளமாக வரவேண்டும்.

கட்டணம் கட்டிச் சேர்வதற்கு முன் ஒரு சோதனை. ஒரு நாடு, ஒரு புற்றுநோய், ஐந்து ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் கட்டுரைத் தரவுத்தளங்களான பப்மெட், ஓபன்அலெக்ஸ் இரண்டிலும் அவள் தனித்தனியாகக் கணக்கெடுக்கட்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அந்த இரண்டு பக்கத்தையே விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பலாம். இந்தத் துறையில் ஆளெடுப்பவர்கள் மதிப்பெண் பட்டியலைவிட அதைத்தான் முதலில் படிப்பார்கள் என்பது என் கணிப்பு.