முகமூடி அப்புறம், முதலில் குதிரையின் முதுகு

கேள்வி: அக்கா, எனக்கு வயது 44. நியூகாசிலில் ஐ.டி. வேலை. 2017 கோடையில் கார்லைல் பூங்காவில் 30 பேர் ரோமானியக் குதிரைப்படை வீரர்களாக உடையணிந்து அணிவகுத்துப் பாய்ந்ததைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு வருடமாகச் சவாரிப் பள்ளிக்குப் போகிறேன். டிராட் என்ற துள்ளுநடை, கேண்டர் என்ற மிதமான பாய்ச்சல் வரை வந்துவிட்டேன். ரோமானியச் சவாரியை அதே முறையில் செய்து பார்க்கும் ஒரு குழு, வரும் சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறது. முகத்தை முழுதாக மூடும் வெண்கலத் தலைக்கவசமும் சங்கிலிக் கவசமும் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். என் மனைவியோ, "அங்கவடி இல்லாத சேணத்தில் ஏறி விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது?" என்கிறாள். என் எடை 92 கிலோ. இந்த வயதில் இது நடக்குமா? எதில் தொடங்குவது?
- ஒரு வாசகர், நியூகாசில்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நடக்கும். 44 எல்லாம் ஒரு வயதே இல்லை. ஆனால் அந்தக் கவசங்களுக்கு இப்போது ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் மனைவியின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

ரோமர்களிடம் அங்கவடி, அதாவது சேணத்தில் கால் வைக்கும் வளையம், இல்லை. ஐரோப்பாவுக்கு அது ஆறாம், ஏழாம் நூற்றாண்டு வாக்கில்தான் ஆவார் என்ற நாடோடி மக்களோடு வந்தது. கால் வைக்க இடமில்லாமல் ஈட்டி எறிந்தால் ஆள் விழுந்துவிட மாட்டானா என்று ஆராய்ச்சியாளர்களே நெடுங்காலம் சந்தேகப்பட்டார்கள். விடை சேணத்தில் இருந்தது. இங்கிலாந்தின் விண்டோலாண்டாவிலும் நெதர்லாந்தின் வால்கன்பர்கிலும் ஈரமண்ணுக்குள் கெடாமல் கிடைத்த சேணத் தோல்கள், ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையில் கிடைத்த வெண்கலக் கொம்புத் தகடுகள், ரைன் நதிக்கரைக் கல்லறைக் கற்களில் செதுக்கிய உருவங்கள் இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து, 1980களில் பீட்டர் கானலி என்பவர் அந்த நாலு கொம்புச் சேணத்தை மறுபடி செய்து காட்டினார். நீங்கள் சனிக்கிழமை பார்க்கப்போகும் சேணமும் அநேகமாக அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

அதில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். முன்னால் இரண்டு கொம்புகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தொடைகளின் மேல் படியும். பின்னால் இரண்டு கொம்புகள் இடுப்புக்குக் கீழே இருபுறமும் அணைத்து நிற்கும். நேராக உட்கார்ந்திருக்கும்போது அவை இருப்பதே பெரிதாகத் தெரியாது. வலப்பக்கமாகக் குனிந்து ஒரு கம்பத்தை வாளால் தட்டப் போகும்போதுதான் தெரியும். இடது தொடை தானாக முன்கொம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், உடம்பு அங்கேயே நிற்கும். யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். இதைச் செய்த தச்சனும் தோல் தைத்தவனும் சவாரி தெரிந்தவர்கள் என்பது அந்த ஒரு நொடியில் புரிந்துவிடும்.

ஆக, அங்கவடி இல்லை என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துப் போகும் ஆபத்து இதில் இல்லை என்பதையும் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். அதற்காக விழவே மாட்டீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விழுவீர்கள். பயிற்சியின்போது இந்தக் காலத்துச் சவாரித் தலைக்கவசமும் மார்பைக் காக்கும் உள்சட்டையும் கட்டாயம், குழுவுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சேருவேன் என்று அவரிடம் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். முடிந்தால் சனிக்கிழமை அவரையும் அழைத்துப் போங்கள்.

இந்த ஆறு மாதத்துக்கு உங்கள் வேலை ஒன்றே ஒன்றுதான். உங்கள் சவாரிப் பள்ளியிலேயே, அமைதியான குதிரையாகப் பார்த்து நீளக்கயிற்றில் வட்டமாக விடச் சொல்லி, அங்கவடியைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். முதல் நாள் பத்து நிமிடம் போதும். நான் பழகிய காலத்தில் பத்தாவது நிமிடம் உள்தொடை நடுங்க ஆரம்பிக்கும். இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். முழங்காலால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இறுக்கினால் உடம்பு மேலே எழும்பும், குதிரையும் வேகமெடுக்கும். முழங்காலைத் தளர்த்தி, காலைக் கனமாகத் தொங்கவிட்டு, குதிரையின் நடைக்கு இடுப்பை விட்டுக்கொடுக்க வேண்டும். இது வந்த பிறகு ஒற்றைக் கையால் கடிவாளம் பிடித்துப் பழகுங்கள். ரோமானிய வீரனுக்கு இடது கையில் கேடயம், அதே கையில் கடிவாளம். சவாரிப் பள்ளிக் குதிரைகள் பெரும்பாலும் இரண்டு கைக்குப் பழகியவை. கழுத்தில் வார் உரசியதும் திரும்பும் குதிரை வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பழக்க வேண்டும். அந்தக் குழுவில் அதைச் செய்பவர் யார் என்று தேடிப் பிடியுங்கள். உங்களுக்கு உண்மையான வாத்தியார் அவர்தான்.

இனி எடைக்கு வருகிறேன். வேண்டுமென்றேதான் இதைத் தள்ளி வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றது இந்த இடத்தில்தான்.

நீங்கள் 92 கிலோ. சேணம், விரிப்பு, வார் எல்லாம் சேர்ந்து பத்து கிலோவை ஒட்டி வரும். சங்கிலிக் கவசம் இன்னொரு பத்து. தலைக்கவசம், வாள், கேடயம் என்று கூட்டினால் 120 கிலோவை நெருங்கிவிடும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதுவே அதிகம் என்பவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் 600 கிலோ குதிரை வேண்டும். ரோமானியக் கோட்டைகளில் கிடைத்த எலும்புகளை வைத்துப் பார்த்தால், அந்தக் காலத்துப் படைக்குதிரைகளின் தோள் உயரம் பெரும்பாலும் 130 முதல் 150 சென்டிமீட்டர்தான். உங்கள் பக்கத்துக் கம்ப்ரியாவின் ஃபெல் குதிரைகள் அந்த அளவுக்கு நன்றாகப் பொருந்தும். பார்க்கவும் அழகு, உறுதியான கால்கள், அதனால் இந்த மாதிரிக் குழுக்களுக்கு அவை பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவற்றின் முதுகு உங்களுக்கானது அல்ல. "கொஞ்ச நேரம்தானே, ஏறிப் பாருங்கள்" என்று அவர்களே சொன்னாலும் ஏறாதீர்கள்.

அப்படியென்றால் விட்டுவிடுவதா? வேண்டாம். வழி ஆரியன் (Arrian) என்ற அந்தக் காலத்து எழுத்தாளரிடமே இருக்கிறது. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், இன்றைய துருக்கியில் இருக்கும் கப்படோக்கியாவின் ஆளுநராக இருந்தவர் அவர். கி.பி. 136 வாக்கில் எழுதிய போர்முறை நூலின் கடைசிப் பகுதியில், குதிரைப்படை தன் திறமையைக் காட்டும் விளையாட்டுப் பயிற்சிகளை விரிவாக விவரித்திருக்கிறார். அதன் முதல் பகுதியில் கலந்துகொள்ளும் வீரர்கள் மார்புக்கவசம் போடுவதில்லை. அதற்குப் பதிலாகச் சிவப்பு, ஊதா, பலவண்ண மேல்சட்டைகள், காலை ஒட்டிய கால்சட்டை. கேடயமும் போருக்கானதை விட இலேசானது. எறியீட்டிக்கு இரும்பு முனை கிடையாது. அதாவது, சங்கிலிக் கவசம் இல்லாமல் சவாரி செய்வதும் அசல் ரோமானியமுறைதான். அந்த உடையில் நீங்களும் சேணமுமாக 105 கிலோவுக்குள் அடங்கலாம். 520, 530 கிலோ எடையுள்ள, எலும்பு கனத்த காப் வகைக் குதிரை போதும். உயரம் சற்றுக் கூடுதலாகத் தெரியும். தெரியட்டும். ஐந்தாறு கிலோ நீங்களும் குறைத்தால் இன்னும் நல்லது.

குதிரையின் முதுகைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு நிகழ்ச்சியில், சேணத்தைக் கழற்றியபோது ஒரு பழுப்புக் குதிரையின் தோளுக்குப் பின்னால், முதுகெலும்பின் இருபக்கமும், உள்ளங்கை அளவுக்கு வெள்ளை முடி முளைத்திருப்பதைப் பார்த்தேன். பொருந்தாத சேணம் அழுத்தி அழுத்தித் தோல் கெட்டுப்போன இடத்தில் அப்படித்தான் முளைக்கும். சேணம் பார்க்க அச்சு அசலாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்த மரச்சட்டம் வேறொரு குதிரையின் முதுகுக்குச் செய்தது. ரோமானியச் சேணத்தில் மரச்சட்டம் இருந்ததா, வெறும் தோலும் திணிப்புமா என்று அறிஞர்களுக்குள் வாதம் இருக்கிறது. எதுவாக இருந்தாலும், இன்று உங்கள் சேணம் உங்கள் குதிரையின் முதுகை அளந்து செய்ததாக இருக்க வேண்டும். சேர்த்த பணத்தை முதலில் இதற்குச் செலவிடுங்கள். இணையத்தில் ரெடிமேடாக வாங்காதீர்கள். நியூஸ்டெட்டில் கிடைத்த கடிவாள இரும்புகள் குதிரையின் வாயை நோகடிக்கும் வகை. அதையும் அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை.

ஏறுவது பற்றியும் கொஞ்சம். ரோமானியப் படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மரக்குதிரை மேல் ஏறிப் பழகினார்கள் என்று ரோமானியப் போர்முறை நூல் எழுதிய வெஜீஷியஸ் சொல்கிறார். முதலில் வெறுங்கையோடு, பிறகு ஆயுதங்களோடு, இடமும் வலமும். பிற்பாடு ஓடும் குதிரையிலேயே தாவி ஏறுவார்கள் என்கிறார் ஆரியன். நீங்கள் மேடை போட்டு ஏறுங்கள். முதுகு திருகாது, குதிரைக்கும் அது சுகம்.

சரி, முகமூடி. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 2010-ல் உங்கள் பக்கத்து மாவட்டத்தில் கிராஸ்பி காரெட் என்ற ஊரருகே கிடைத்த தலைக்கவசத்தின் முகத்தைப் பார்த்தவர் மறக்க மாட்டார். சுருள்முடியும் இளமையுமாக அது நம்மையே பார்க்கும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு குதிரையில் உட்கார்ந்தால், கண் துளைக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் வரும் குதிரை தெரியாது, கீழே குதிரையின் காது தெரியாது. நமக்குச் சவாரியில் முதல் செய்தி சொல்வதே அந்தக் காதுகள்தான்.

கி.பி. 128-ல் ஹாட்ரியன் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் லம்பேசிஸுக்குப் போய் அங்கிருந்த படைகளின் பயிற்சியை நேரில் பார்த்தார். அவர் பேசியதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நிறையப் பாராட்டுகிறார். ஆனால் ஒரு விதமான குறுக்குப் பாய்ச்சல் தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். எங்கே போகிறோம் என்று பார்க்காதவன், வேண்டும்போது குதிரையை நிறுத்த முடியாதவன், மறைத்து வைத்த பொறியில் போய் விழுவான் என்பது அவர் சொன்ன காரணம். தம்பி, முகமூடி வாங்கலாமா என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கேண்டரில் போகும்போது ஒற்றைக் கையால், கத்தாமல், இழுக்காமல், நினைத்த இடத்தில் குதிரையை நிறுத்த உங்களால் முடிந்தால் ஆர்டர் கொடுங்கள். அதற்கு இரண்டு வருடம் ஆகலாம்.

குதிரைக்கும் பழக்கம் வேண்டும். அதன் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால், உங்கள் கையில் இருக்கும் ஈட்டி அதன் வலக்கண்ணில் தெரிந்து, மறைந்து, திடீரென்று இடக்கண்ணில் முளைக்கும். மிரளாமல் என்ன செய்யும்? கேடயத்தை லாயக் கதவில் ஒரு வாரம் மாட்டி வையுங்கள். அது முகர்ந்து, நக்கி, அலுத்துப்போன பிறகு கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடங்கள். ஏறுவது அதற்கும் பிறகு.

நீங்கள் வால்ஸெண்டில் செகடூனம் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. அங்கே தோண்டியபோது குதிரைப்படைக் குடியிருப்பின் அறைகள் இரண்டிரண்டாக இருந்தன. பின்னறையில் மூன்று பேர், முன்னறையில் மூன்று குதிரைகள். குதிரைகள் நின்ற இடத்தில் மூத்திரம் வடியத் தரையில் குழி. நடுவில் ஒரு சுவர்தான். அந்த வீரன் தன் குதிரை இருமினால் விழித்திருப்பான். இந்தப் பொழுதுபோக்கில் ரோமர்களுக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோவது அந்த லாயம்தான் என்று நான் மனதார நம்புகிறேன். ஒரு குதிரை நாளுக்குச் சுமார் 20 கிலோ சாணம் போடும். அதை அள்ள உங்களுக்கு மனம் இருக்கிறதா என்பது சனிக்கிழமையே தெரிந்துவிடும்.

அதனால் அன்று சவாரி கேட்காதீர்கள். லாயத்தில் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போக வேண்டாம். ஒருவேளை அவர்களே சேணத்தில் ஏற்றிப் பார்த்தால், உள்தொடைத் தையல் தோலை உரித்துவிடும்.