தம்பியின் படத்தோடு கேமரா முன் உட்காரலாமா?

கேள்வி: என் தம்பி தற்கொலையால் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வெளியில் எல்லோரிடமும் மாரடைப்பு என்றே சொல்லியிருக்கிறோம். அவனுடைய ஏழு வயது மகளுக்கும் அப்படித்தான் தெரியும். அம்மா அவன் படங்களையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுப்பதில்லை. இப்படி உறவை இழந்தவர்களைப் படமெடுத்து, அவர்கள் சொல்லும் கதையோடு கண்காட்சி வைக்கப்போவதாக ஒரு புகைப்படக் கலைஞர் என்னையும் அழைத்திருக்கிறார். எனக்குப் போக ஆசை. "போனவனை இன்னும் சந்தி சிரிக்க வைக்கணுமா?" என்று அம்மா அழுகிறார். நான் நினைப்பது தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

தவறே இல்லை. போய் உட்காருங்கள். ஆனால் படம் எடுத்துக்கொள்வது ஒன்று, அதை நாலு பேர் பார்க்க மாட்டுவது இன்னொன்று. முதலாவதற்கு உங்கள் மனம் ஒப்பினால் போதும். இரண்டாவதற்கு அம்மா, தம்பியின் மனைவி, எல்லோருக்கும் மேலாக அந்தக் குழந்தை என்று பலரை யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டதால்தான் உங்கள் வீட்டில் இது சண்டையாகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்படி ஒருவரை இழந்தவர்கள் அவருடைய கடைசிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். செல்போனில் விரலால் பெரிதாக்கி, அந்தச் சிரிப்பில் ஏதாவது ஒளிந்திருந்ததா, நாம்தான் கவனிக்கத் தவறினோமா என்று தேடுவார்கள். நீங்களும் தேடியிருப்பீர்கள். அந்தத் தேடலில் அவர் வாழ்ந்த அத்தனை வருடங்களும் மறைந்து, கடைசி நாள் மட்டும் மிஞ்சிவிடுகிறது. நல்ல புகைப்படக் கலைஞர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "உங்கள் தம்பி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், அந்த ஒரு நாளைத் தாண்டி மற்ற வருடங்களுக்குள் நீங்கள் போக முடியும். எப்படி இறந்தார் என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படி வாழ்ந்தார் என்று உங்களிடம் கடைசியாக யார் கேட்டார்கள்?

அதனால் கையில் எடுத்துப்போகும் படத்தை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். அடையாள அட்டைக்கு எடுத்த விறைப்பான படம் வேண்டாம். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் சரி, கண் பாதி மூடியிருந்தாலும் சரி, பார்த்ததும் "இதுதான் அவன்" என்று உங்களுக்குத் தோன்றுகிற படமாக இருக்கட்டும். படம்தான் வேண்டும் என்றும் இல்லை. அவர் போட்டுத் தேய்ந்த சட்டை, கைக்கடிகாரம், அவர் கையெழுத்துள்ள ஒரு நோட்டு என எதுவும் போதும்.

கேமரா முன் உட்கார்ந்ததும் பழக்கத்தில் சிரிப்பு வந்துவிடும். வந்த வேகத்தில் "ஐயோ, சிரிக்கிறேனே" என்று குற்ற உணர்ச்சி எட்டிப் பார்க்கும். வரட்டும், இரண்டுமே உண்மையான முகம்தான். இந்த வேலையை அறிந்தவர்கள் முதலில் கேமராவை ஓரமாக வைத்துவிட்டுப் பேசவிடுவார்கள். சிரிக்கச் சொல்ல மாட்டார்கள், அழவைக்கவும் பார்க்க மாட்டார்கள். "அந்த நாளில் என்ன நடந்தது?" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார் என்றால், அவரிடம் உங்கள் கதையைக் கொடுக்காதீர்கள்.

இங்கே நான் கறாராகச் சொல்வது ஒன்று உண்டு. எந்த முறையில் இறந்தார், எந்த இடத்தில், கடிதம் ஏதும் எழுதினாரா என்பவை கதையில் வரவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லும் வழிகாட்டுதலும் இதுதான். ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கண்காட்சிக்கு வரக்கூடும், அந்த விவரங்கள் அவரைத் தள்ளிவிடலாம். அதேபோல "இந்தச் சண்டையால்தான்", "அந்தக் கடனால்தான்" என்று ஒற்றைக் காரணத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். தற்கொலைக்குப் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். ஒன்றை மட்டும் சொன்னால், உயிரோடு இருக்கும் யாரோ ஒருவர் தலையில் பழி விழும்.

கூட்டாகக் கதை சொல்வதில் இன்னொரு பலன் இருக்கிறது. 2021-ல் மட்டும் உலகில் சுமார் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இறக்கும் ஒவ்வொருவரையும் அறிந்தவர்கள் சராசரியாக 135 பேர் இருப்பார்கள் என்று 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. இவ்வளவு பேர் இருந்தும், உங்களைப் போலவே ஆளுக்கொரு மாரடைப்புக் கதையோடு தனித்தனியாக இருக்கிறார்கள். தற்கொலையில் தந்தையை இழந்த அமெரிக்க செனட்டர் ஹாரி ரீட் முன்வைத்த தீர்மானத்தால்தான், இப்படி உறவை இழந்தவர்களுக்கென்று 1999-ல் ஒரு நாள் உருவானது. அதுவரை அவரும் அந்தத் துக்கத்தோடு பல வருடங்கள் இருந்தவர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களை டெஸ்ரே ஸ்டேஜ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 2010 முதல் படமெடுத்து வந்தார். அவரும் அப்படிப் பிழைத்தவர்தான். முகத்தை மறைக்காமல், நேராகக் கேமராவைப் பார்க்கிற முகங்கள் அவை. அப்படிப் பத்து முகங்கள் வரிசையாக இருக்கும்போது, பார்க்கிறவருக்கு "நான் மட்டும் இல்லை" என்று தோன்றும். உட்கார்ந்தவருக்கும்தான்.

உட்கார்ந்து பேசிவிட்டு வந்த அன்றைக்கே மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மனதை உலுக்கிய அனுபவங்களை நான்கு நாட்கள் தொடர்ந்து பதினைந்து நிமிடம் எழுதச் சொல்லி, ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986-ல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். எழுதிய உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. பலன் பின்வந்த மாதங்களில்தான் தெரிந்தது. அவர்கள் உங்களைப் போன்ற இழப்பைச் சந்தித்தவர்கள் அல்ல, ஆனாலும் அந்த உடனடிக் கனத்துக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். திரும்பி வரும்போது நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கட்டும். தூக்கம் கெட்டால், அல்லது "நானும் போய்விடலாம்" என்ற நினைப்பு ஒரு முறை வந்தால்கூட, அன்றே மனநல மருத்துவரையோ உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழைத்துப் பேசுங்கள். இப்படி உறவை இழந்தவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதலாக உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது குழந்தை. அப்பா எப்படி இறந்தார் என்று அவள் ஒரு சுவரைப் பார்த்தோ, பள்ளியில் யாரோ சொல்லியோ தெரிந்துகொள்ளக் கூடாது. ஏழு வயதுக்குப் புரிகிற அளவில் உண்மையைச் சொல்ல முடியும். அப்பாவின் மனம் மிகவும் நோயுற்றிருந்தது, அதனால் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார், அதற்கு அவள் காரணமே இல்லை, எப்போது வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம் என்று சொன்னால் போதும். இதைச் சொல்ல வேண்டியவர் அவளுடைய அம்மா. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். தேவையென்றால் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் உதவுவார். இது நடக்கும்வரை எந்தக் கண்காட்சியும் வேண்டாம்.

அம்மாவிடம் வாதாடாதீர்கள். அவர் மகனை ஒளித்துவைக்கவில்லை, ஊர் வாயிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அனுமதி கேட்டு நிற்பதை விட, "அம்மா, தம்பி படத்தில் உனக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் எழுந்து போய்விடலாம். அப்படியானால் சில வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். படத்தை எடுத்துக் கொடுத்தாரானால், அதன் பின்னால் இருக்கும் கதையையும் சொல்ல விடுங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

புகைப்படக் கலைஞரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவையும் உண்டு. எழுதியதை அச்சுக்கு முன் உங்களிடம் காட்டுவாரா, எந்த நேரத்திலும் "வேண்டாம்" என்றால் எடுத்துவிடுவாரா, இணையத்தில் போடுவாரா என்று கேளுங்கள். இணையத்தில் ஏறியதை முழுசாக இறக்குவது கடினம், ஆகவே அதற்கு மட்டும் தனியாகச் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். படிவத்தில் காட்சிக்கு வைக்கச் சம்மதம் கேட்கும் இடத்தில் மட்டும் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.