என்எஃப்எல் சம்பள வரம்பில் ஒரு வீரரைக் கழற்றிவிட்டால் கணக்கு குறையாமல் கூடுவது ஏன்?

கேள்வி விவரம்: பாம்பனில் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஆன்லைனில் ஒரு என்எஃப்எல் ஒப்பந்த லீக் நடத்துகிறோம், ஆளுக்கொரு அணியை நிர்வகிக்கும் விளையாட்டு. நிஜ விதிகள்தான். என் வைட் ரிசீவருக்கு (எறியும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர்) 5 ஆண்டு, 11 கோடி டாலர் ஒப்பந்தம். சைனிங் போனஸ், அதாவது கையெழுத்திடும்போதே தரும் தொகை, 4 கோடி. பேஸ் சம்பளம் (அந்தந்த ஆண்டின் அடிப்படைச் சம்பளம்) வரிசையாக 20 லட்சம், 1 கோடி, 1.8 கோடி, 2 கோடி, 2 கோடி. போன வருடம் இடம் போதவில்லை என்று அவர் சம்பளத்தில் 80 லட்சத்தைப் போனஸாக மாற்றினேன். இப்போது மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் அவரைக் கழற்றிவிடப் பார்த்தால், கணக்கு குறைவதற்குப் பதில் 20 லட்சம் டாலர் கூடுகிறது. ஆப்பில் பிழையா? இல்லை, இந்தச் சம்பள வரம்பே கண்துடைப்பா?

பதில்:

ஆப்பில் பிழை இல்லை. போன வருடம் நீங்கள் வாங்கிய கடனைத்தான் அது காட்டுகிறது.

(தலைப்பைப் பார்த்து வந்த மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இது நாம் ஆடும் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே 32 அணிகளுக்கும் ஆண்டுதோறும் ஒரே சம்பள உச்சவரம்பு. 1994-இல் தொடங்கியபோது 3.46 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி. பேச்சு வழக்கில் ‘கேப்’.)

சைனிங் போனஸ் எப்படிக் கழிகிறது என்று தெரிய, தங்கச்சிமடத்திலோ மண்டபத்திலோ ஒரு விசைப்படகு உரிமையாளரின் நோட்டைத் திறந்து பார்த்தாலே போதும். டிரைவருக்கு அட்வான்ஸ் 1 லட்சம் கொடுத்தாயிற்று. பணம் அன்றைக்கே கை மாறிவிட்டது. நோட்டில் மட்டும் கடலுக்குப் போய்வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது. ஆள் நடுவில் போய்விட்டால் கழியாத மீதி அப்படியே நிற்கும். போனஸும் இதே கதைதான். பணம் முதலிலேயே வீரருக்குப் போய்விடும். கேப் கணக்கில் மட்டும் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதுவார்கள், அதிகபட்சம் 5 ஆண்டுக்கு. வீரர் வெளியேறினால், இன்னும் எழுதாத மீதி முழுவதும் ஒரே ஆண்டில் வந்து விழும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் படகுக் கணக்கும் இதுவும் பிரிகின்றன. நம் பக்கம் ஆளை அழைத்துக்கொள்ளும் புது உரிமையாளர் பழைய அட்வான்ஸைக் கட்டிவிட்டுத்தான் அழைத்துப்போவார். என்எஃப்எல்லில் டிரேடில், அதாவது ஒப்பந்தத்தோடு வீரரை அணி மாற்றும்போது, வாங்கும் அணி இனி வரப்போகும் பேஸ் சம்பளத்தை மட்டும் ஏற்கும். பழைய போனஸின் மீதி விற்ற அணியின் தலையில்தான். “இவரை யாரிடமாவது தள்ளிவிட்டால் கணக்கு தீர்ந்தது” என்று நினைத்து ஒப்பந்த லீக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இனி உங்கள் ஆளின் கணக்கு. 4 கோடி போனஸ், 5 ஆண்டு. ஆண்டுக்கு 80 லட்சம். ஆகவே முதலில் போட்டபடி ஒவ்வொரு ஆண்டும் கேப்பில் ஏறியிருக்க வேண்டியது:

முதல் ஆண்டு 1 கோடி
இரண்டாம் ஆண்டு 1.8 கோடி
மூன்றாம் ஆண்டு 2.6 கோடி
நான்காம், ஐந்தாம் ஆண்டுகள் தலா 2.8 கோடி

கூட்டினால் 11 கோடி. இரண்டாம் ஆண்டில் பேஸ் 1 கோடியில் 20 லட்சத்தை மட்டும் விட்டுவிட்டு 80 லட்சத்தைப் போனஸாக மாற்றினீர்கள். மீதமிருந்த 4 ஆண்டுகளுக்கு அது தலா 20 லட்சமாகப் பிரிந்தது. அந்த ஆண்டு ஏற்றம் 1.8 கோடியிலிருந்து 1.2 கோடிக்கு இறங்கியது. 60 லட்சம் இடம் கிடைத்தது. அதே 60 லட்சம்தான் இப்போது மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் இருபது இருபதாக ஏறி உட்கார்ந்திருக்கிறது: 2.8, 3, 3 கோடி. மொத்தம் இப்போதும் அதே 11 கோடிதான். ஒரு டாலர்கூடக் குறையவில்லை.

இப்போது கழற்றிவிட்டால் என்ன விழும்? மூன்று ஆண்டுகளின் போனஸ் பங்கு, ஆண்டுக்கு 1 கோடி வீதம், 3 கோடி. வைத்திருந்தால் 2.8 கோடி. ஆகவே அவரை அனுப்ப நீங்கள் 20 லட்சம் கூடுதலாக அழவேண்டும். மாற்றாமலே இருந்திருந்தால் டெட் மணி 2.4 கோடி, வைத்திருக்கும் செலவு 2.6 கோடி, 20 லட்சம் மிச்சமாகியிருக்கும். போன வருடம் 60 லட்சத்துக்காக எடுத்த முடிவு, இந்த வருடம் வெளியேறும் வாசலில் 40 லட்சம் வித்தியாசத்தை வைத்துவிட்டது. இதில் எந்த ஏமாற்றும் இல்லை, கூட்டல் கழித்தல்தான்.

இது எல்லாமே மூன்றாம் ஆண்டு பேஸ் 1.8 கோடிக்கு உத்தரவாதம் இல்லை, அனுப்பிவிட்டால் அதைத் தரவேண்டியதில்லை என்ற கணக்கில். உத்தரவாதம் உண்டென்றால் 3 கோடியோடு அதையும் சேருங்கள், 4.8 கோடி. ஒப்பந்தத்தில் ‘லீக் ஆண்டின் மூன்றாம் நாள்’ அல்லது ‘ஐந்தாம் நாள்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று உடனே பாருங்கள். அந்த நாளில் வீரர் அணியில் இருந்தால் குறிப்பிட்ட சம்பளம் முழு உத்தரவாதமாகிவிடும் என்று எழுதியிருப்பார்கள். லீக் ஆண்டு மார்ச் நடுவில் நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்குத் தொடங்கும். நமக்கு அது நள்ளிரவு தாண்டி 1.30. எல்லா அணியும் வரம்புக்குள் வந்திருக்க வேண்டிய கெடுவும் அதே நேரம்தான். “காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று படுத்தால் தேதி ஒன்று போயிருக்கும்.

பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ரஸல் வில்சன் விஷயத்தில் நிஜமாகவே இதுதான் நடந்தது. 2022-இல் டென்வர் பிராங்கோஸ் அணி அவரோடு 5 ஆண்டு நீட்டிப்பு போட்டது, சைனிங் போனஸ் 5 கோடி. 2024 மார்ச்சில் ஐந்தாம் நாளைத் தாண்டியிருந்தால் 2025-ஆம் ஆண்டுச் சம்பளம் 3.7 கோடியும் உத்தரவாதமாகியிருக்கும். அதற்குமுன் கழற்றிவிட்டார்கள். அப்படியும் 8.5 கோடி டாலர் டெட் மணி. இரண்டு ஆண்டாகப் பிரித்து 2024-இல் சுமார் 5.3 கோடி, 2025-இல் சுமார் 3.2 கோடி என்று சுமந்தார்கள். அவர் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்க் குறைந்தபட்சச் சம்பளமான சுமார் 12 லட்சத்துக்கு ஆடினார். ஆஃப்செட் என்ற விதியால் டென்வர் தரவேண்டியதில் கழிந்தது அந்த 12 லட்சம் மட்டுமே. கையை விட்டுப்போன ஆளுக்குப் பெரும்பகுதிச் சம்பளம் டென்வர்தான் கொடுத்தது. கடுப்பாகத்தான் இருக்கும்.

அந்த ‘இரண்டு ஆண்டாகப் பிரித்து’ என்பதுதான் ஜூன் 1 விதி. அதற்குப்பின் வெளியேறும் வீரருக்கு நடப்பு ஆண்டின் போனஸ் பங்கு மட்டும் இந்த ஆண்டில், மிச்சம் அடுத்த ஆண்டில். மார்ச்சிலேயே அனுப்பிவிட்டு ‘ஜூன் 1 ஆள்’ என்று குறிக்கவும் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு பேர் வரை அனுமதி உண்டு. டிரேடுக்கு அந்தச் சலுகை கிடையாது. டிரேட் நிஜமாகவே அந்தத் தேதிக்குப் பிறகு நடக்க வேண்டும். உங்கள் ஆளை இப்படிக் குறித்தால் இந்த ஆண்டு 1 கோடி, அடுத்த ஆண்டு 2 கோடி. இந்த ஆண்டு 1.8 கோடி விடுபடும்.

விடுபடும், ஆனால் ஜூன் 2-இல். அதுவரை 2.8 கோடியும் உங்கள் கணக்கிலேயே நிற்கும். நல்ல வீரர்கள் மார்ச் சந்தையிலேயே விலைபோய்விடுவார்கள். தடைக்காலம் முடிந்து ஜூன் 15-இல் கடலுக்குப் போனால் கிடைக்கப்போகும் இறாலை நம்பி மார்ச்சில் வலை வாங்க யாரும் கடன் தரமாட்டார்கள் அல்லவா, அந்த மாதிரி. ஜூனில் வரும் இடம் டிராஃப்டில் (புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்தவர்களின் ஒப்பந்தத்துக்கும், காயப்பட்டவருக்கு மாற்றாள் எடுக்கவும்தான் உதவும்.

கண்துடைப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆண்டுதோறும் வரம்பு ஏறுகிறது: 2022-இல் 20.82 கோடி, 2023-இல் 22.48, 2024-இல் 25.54. வரம்பு இப்படி ஏறும்வரை நேற்றைய கடன் நாளைக்குச் சிறிதாகத் தெரியும். அதனால்தான் பெரிய அணிகள் துணிந்து சம்பளத்தைப் போனஸாக மாற்றிக்கொண்டே போகின்றன. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் வரம்பு 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு இறங்கியது. ஏறும் என்று நம்பித் தள்ளிப்போட்டவர்கள் அந்த ஆண்டு நல்ல வீரர்களைச் சும்மாவே அனுப்ப வேண்டியிருந்தது. வரம்பே இல்லாமல் ஓடிய 2010-இல் செலவைக் கொண்டுபோய்க் குவித்த வாஷிங்டன், டல்லாஸ் அணிகளுக்கு 2012-இல் முறையே 3.6 கோடியும் 1 கோடியும் கேப்பில் வெட்டினார்கள். கண்துடைப்புக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

வாய்ட் இயர் என்று ஒரு தந்திரமும் உண்டு. ஒரு ஆண்டு மட்டும் ஆடப்போகும் வீரருக்குப் பேருக்கு 4 ஆண்டுகள் ஒட்டி, 1 கோடி போனஸை ஐந்தாகப் பிரிப்பது. இந்த ஆண்டு 20 லட்சம்தான் ஏறும். ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகும் நாளில் மீதி 80 லட்சம் மொத்தமாக விழும். நான் இதைக் கடைசிக் கையிருப்பாகத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

உங்கள் லீக்கில் இன்னும் இரண்டு இடத்தில் கணக்கு இடிக்கும். ஒன்று, ஊக்கத்தொகை. போன சீசனில் 70 பந்து பிடித்தவருக்கு ‘65 பிடித்தால் 5 லட்சம்’ என்று எழுதினால் அது நடக்கக்கூடியது என்று கருதி இப்போதே ஏறும். ‘75 பிடித்தால்’ என்றால் இப்போது ஏறாது. பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டுக் கணக்கில் கழிப்பார்கள். இரண்டாவது, ஆள் எண்ணிக்கை. மார்ச்சிலிருந்து சீசன் தொடங்கும்வரை பெரிய சம்பளம் வாங்கும் முதல் 51 பேரை மட்டும் எண்ணுவார்கள். சீசன் தொடங்கியதும் 53 பேரும், காயப்பட்டோர் பட்டியலும், பயிற்சி அணியும் உள்ளே வரும். 2025 விகிதத்தில் பயிற்சி அணிக்கு ஆள் ஒன்றுக்கு வாரம் குறைந்தது 13,000 டாலர். 16 பேர், 18 வாரம் என்றால் 37.44 லட்சம். அதே 2025-இல் புதுமுகத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 8.4 லட்சம். ஆகஸ்டில் 10 லட்சம் மிச்சம் வைத்துக்கொண்டு தெம்பாக இருப்பவர் செப்டம்பரில் வரம்பு மீறி நிற்பது இதனால்தான். நான் சொல்வது: ஜூலைக்குப் பிறகு குறைந்தது 80 லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். செலவாகாமல் மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், வீணாகாது.

சரி, வைட் ரிசீவரை என்ன செய்வது? இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜூன் 1 ஆளாகக் குறித்து இப்போதே அனுப்பினால் இந்த ஆண்டு 1 கோடி, அடுத்த ஆண்டு 2 கோடி. ஒரு சீசன் ஆடவிட்டு அடுத்த மார்ச்சில் அனுப்பினால் இந்த ஆண்டு 2.8 கோடி, அடுத்த ஆண்டு அதே 2 கோடி. அடுத்த ஆண்டுச் சுமை இரண்டிலும் ஒன்றுதான். போனஸ் 4.8 கோடி எப்போதோ போய்விட்டது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. உங்கள் முன்னால் இருக்கும் புதுச் செலவு 1.8 கோடி மட்டும். இந்த ஒரு சீசனுக்கு அவர் 1.8 கோடிக்குத் தகுவாரா? சந்தையில் அந்த விலைக்கு அவரைவிட நல்லவர் கிடைப்பாரா? அதுவும் ஜூன் 2-க்குப் பிறகு? கிடைக்கமாட்டார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொண்டால் அந்த 1.8 கோடியைத் தயவுசெய்து மறுபடி போனஸாக மாற்றாதீர்கள். 1.5 கோடியை மாற்றினால் இந்த ஆண்டு 1 கோடி இடம் கிடைக்கும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த மார்ச்சில் அவரை அனுப்பும் விலை 2 கோடியிலிருந்து 3 கோடியாகிவிடும். இதே கேள்வியோடு மறுபடி வருவீர்கள்.